கதவுக்கடியில் பத்தொன்பது பக்கங்கள்

— இந்த வாரப் படக்கதையில பதினாலு பக்கம் வந்தாச்சு இசொகாய் சென்சே. இன்னும் அஞ்சுதான். வரைஞ்சதைக் கதவுக்கு அடியில தள்ளுங்க, நான் வராந்தாவுலயேதான் உக்காந்திருக்கேன்.

— உக்காரு, உக்காரு. வாயில 'சென்சே, குருவே'ன்னு மரியாதை, கதவுல பூட்டு. உனக்கு என்ன, வாங்குற சம்பளம் அதுக்குத்தானே. இந்தா பாரு பொண்ணே, கொலைகாரனைக் கூட நாளுக்கு ஒரு தடவை முற்றத்துல நடக்க விடுவாங்க. நான் மூணு நாளா இந்த ஓட்டல் ரூம்ல கெடக்கேன்.

— கெடு தப்பினா ஓட்டல்ல போட்டுப் பூட்டறது நம்ம பத்திரிகை உலகத்துல புதுசா சென்சே? போன மாசம் இதே ரூம்ல சமையல் கதை வரையறவர் அஞ்சு நாள் இருந்தார். சத்தம் காட்டலையே.

— எப்படிக் காட்டுவான்? ஜன்னல் வழியா எறங்கி தினமும் பொதுக் குளியலுக்குப் போயிட்டு வந்தான். எனக்கு முதுகு விடல, இல்லேன்னா நானும் போயிருப்பேன்.

— முதுகுக்கு ஒட்டுற பிளாஸ்டர் வாங்கி வந்திருக்கேன். சோத்து உருண்டையும் இருக்கு, உப்பு மீன் வெச்சது. பக்கம் வெளிய வந்தா அது உள்ள வரும்.

— லஞ்சமா! உனக்கு முன்னாடி இருந்த எடிட்டரை என் கதையில மூணு தடவை கொன்னிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும். இந்தா, பதினஞ்சு.

— சென்சே!

— என்ன?

— நம்ம குட்டி நிஞ்சா செக்கிமாரு முகமூடியைக் கழட்டிட்டான்!

— ஆமா.

— பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவன் முகத்தை யாருக்கும் காட்டினதில்லையே. காய்ச்சல்ல கெடந்தப்போ கூட!

— அவனுக்கு மூச்சு முட்டுது. எனக்கும் முட்டுது. பதினெட்டு வருஷமா அந்தப் பயலுக்குப் பதிமூணு வயசு. எனக்கு மட்டும்தான் வயசாகுது. என் பொண்ணு நட்சுயே பொறந்த வாரம்தான் அவன் முதல் தடவை கோட்டைச் சுவர் ஏறினான். அவ போன வசந்தத்துல காலேஜ் சேர சென்டாய் போயிட்டா. பெட்டியோட வாசல்ல நின்னு 'போயிட்டு வரேன்பா'ன்னா. நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? கோட்டைச் சுவருக்குக் கல்லு கல்லா வரைஞ்சுட்டிருந்தேன். தலையைத் தூக்கல. தூக்கலம்மா நான்.

— கஷ்டமாத்தான் இருக்கு சென்சே. அதுக்காகக் கதையை முடிச்சுடுவீங்களா? கூடாது. கையெடுத்துக் கும்பிடறேன், முடிக்காதீங்க.

— உங்க தலைமை ஆசிரியர் சொல்லிக் குடுத்த வசனமா இது?

— வாசகர் கார்டு சொல்லுது. வாராவாரம் எந்தக் கதை பிடிச்சதுன்னு ஜனங்க எழுதிப் போடறாங்களே, அதுல போன வாரமும் நமக்கு மூணாவது இடம். ஓடுற கதையை யாராவது நிறுத்துவாங்களா?

— அதான் பாரு கண்ணி. தோத்தா துரத்துவீங்க, ஜெயிச்சா பூட்டுவீங்க. இந்தா, பதினாறு, பதினேழு.

— ஐயோ, வாளை ஆத்துல போட்டுட்டானா! சத்தியமா சொல்றேன் சென்சே, எட்டு வயசுல இந்தக் கதையைப் படிச்சதாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அந்த வாள் அவன் கைக்கு வந்த அன்னிக்கு போர்வைக்குள்ள படுத்து அழுதேன்.

— இப்பவும் அழறியா?

— இல்லையே.

— மூக்கை உறிஞ்சற சத்தம் கதவைத் தாண்டிக் கேக்குது. அட என்னம்மா நீ... சரி, சரி விடு. இப்படி வச்சுக்கலாம். கடைசி ரெண்டு பக்கத்துல ஆத்துல குதிச்சு வாளைத் திரும்ப எடுத்துடட்டும். இன்னும் ஒரு வருஷம் ஓட்டறேன். உனக்காக.

— இன்னும் ஒரு வருஷமா?

— என்ன, குரல் இறங்கிடுச்சு? சந்தோஷப்படு.

— சந்தோஷம்தான் சென்சே. ரொம்ப. அடுத்த வருஷத்துக்குத் தலைமை ஆசிரியர் ஒரு யோசனைகூட சொன்னார்.

— என்னவாம்?

— போட்டி. நூறு நிஞ்சா. வாரத்துக்கு ஒருத்தனை செக்கிமாரு ஜெயிக்கணும்.

— நூறு வாரமா!

— ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற கவசம். வேடிக்கை பாக்கற கூட்டத்துல ரெண்டாயிரம் தலை. ஒரு தலைகூட வெறும் வட்டமா விடக் கூடாதாம், கண்ணு மூக்கு தெரியணுமாம்.

— ரெண்டாயிரம் தலையா? என் மணிக்கட்டு வீங்கிக் கெடக்கறதை அந்த ஆளு பாத்திருக்கானா? ஒரு நிஞ்சாவே என் கழுத்தை நெரிக்கறான், இதுல நூறா! முடியாது. இன்னியோட தலை முழுகறேன்.

— சென்சே, கொஞ்சம் யோசிச்சு...

— யோசிச்சாச்சு. நீ அழு, கத்து, கதவை உதை. நான் முடிக்கத்தான் போறேன்.

— முடிக்காதீங்க!

— முடிப்பேன்! என் கதை! இந்தா பிடி, பதினெட்டு.

— வீட்டு வாசல்ல நிக்கறான்.

— ம்.

— செருப்பைக் கழட்டறான்.

— பதினெட்டு வருஷமா செருப்போடயே தூங்கின பய. இரு, கடைசிப் பக்கம். மை காயல, ஊதறேன். ம்... இந்தா.

— 'வந்துட்டேம்மா'ங்கறான்.

— அவ்வளவுதான். அம்மா திரும்பிப் பாக்கறா. சண்டை இல்ல, சபதம் இல்ல. பத்திரிகை பாதியில துரத்தினவங்க எல்லாம், கதாநாயகன் 'எங்கள் போர் தொடரும்'னு ஓடற மாதிரி ஒரு படத்தைப் போட்டு நிறுத்துவாங்களே, பாவம், அந்த மாதிரி இல்ல. மூலையில 'முற்றும்'னு நானே எழுதியிருக்கேன் பாரு.

— பாத்தேன் சென்சே. நல்லா இருக்கு. சத்தியமா ரொம்ப நல்லா இருக்கு. கதவைத் திறக்கறேன், போங்க.

— உன்னைத்தான் கிழிகிழின்னு கிழிக்கப் போறாங்க பொண்ணே.

— நான் பாத்துக்கறேன். சென்டாய்க்கு மூணு இருபதுக்கு ரயில் இருக்கு. சோத்து உருண்டையை எடுத்துக்குங்க.

— எடுத்துக்கறேன். இந்த மூணு நாளும் உன்னைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. வரேன்மா.

— போயிட்டு வாங்க சென்சே.

— ஹலோ, தலைமை ஆசிரியர் சார்தானே? நிராசாவா பேசறேன். பத்தொன்பது பக்கமும் கைக்கு வந்துடுச்சு.

— அப்பாடா. கதையை இந்த வாரத்தோட நிறுத்தறோம்னு சொன்னதை இசொகாய் எப்படி எடுத்துக்கிட்டார்? பதினோரு வாரமா கடைசி இடம்னு சொன்னியா இல்லையா?

— சொல்லல சார். மூணாவது இடம்னு சொல்லி, முடிக்காதீங்கன்னு கதவுக்கு வெளிய உக்காந்து கெஞ்சினேன். அவரே அடம்பிடிச்சு முடிச்சுட்டுப் போயிட்டார்.