பர்வதம், பழைய மாடல்

புதுச்சேரியில் மலை கிடையாது, ஐயா. நோணாங்குப்பம் பாலத்து ஏற்றம்தான் எங்களுக்கு இமயமலை. அதில் ஏறுவதற்குத்தான் கணக்கு வாத்தியார் விஜயராகவன் 2001-இல் என் கடையில் மலையேறும் கியர் சைக்கிள் வாங்கினார். பெயர் பர்வதம். சிவப்பு இரும்பு பிரேம், கட்டைவிரலால் தள்ளும் கியர். நானே பூட்டிக் கொடுத்தேன். அவர் ஓட்டிக்கொண்டு போனபோதே எனக்கு வயிறு எரிந்தது. கடைக்கு வந்தது அந்த ஒன்றுதான். அடுத்த வருடம் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது.

அதன் பிறகு வந்ததெல்லாம் முன்னேற்றமாம். 2004-இல் முன்பக்கம் ஸ்பிரிங். பிரேக் பிடித்தால் சைக்கிள் சலாம் போடும். 2006-இல் டிஸ்க் பிரேக். 2008-இல் அலுமினிய பிரேம். வாத்தியார் ஒவ்வொன்றையும் ஆசையாகப் பார்ப்பார்.

கழற்றிய சாமான் கடைக்காரனுக்கு. அது எங்கள் தொழில் வழக்கம், பெரிய மார்க்கெட் பக்கம் யாரையும் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீசிலும், "இது போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்பேன். ஃபோர்க், கியர், ஹேண்டில்பார், இரண்டு சக்கரம். எதுவும் போகவில்லை.

"கட்டிலுக்கடியில இன்னொரு சக்கரம் வந்துச்சுன்னா அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள் என் மனைவி ஹாஜிரா. வந்தது. அவள் போகவில்லை.

மிஞ்சியது பிரேம். இரும்பு பிரேம் லேசில் கெடாது.

போன ஐப்பசியில் வாத்தியார் அதே பாலத்து இறக்கத்தில் விழுந்தார். முன்சக்கரம் கழன்று அவருக்கு முன்னால் ஓடியதாம். வலது கை முறிந்தது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"கையை விடு தாஜுதீன், பர்வதத்துக்கு என்னாச்சு?"

"கழுத்துல விரிசல் சார். இனிமே ஓட்டக் கூடாது."

அவர் கண் கலங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கைக்கட்டுப் பிரிப்பதற்குள் அலுமினிய பிரேம் போட்டுத் தயாராக வைத்தேன்.

நேற்று தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பர்வதம் நின்றது, முழுசாக, சிவப்பாக. சரியாக மடங்காத அந்தக் கையால் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்தார். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதுதான் எனக்கு வருத்தம்.

சக்கரத்து நட்டை நான் கழற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும், ஐயா. நான் தளர்த்தியது பக்கத்துக்கு அரைச் சுற்றுதான். மீதியைக் கழற்றியது ரோடு.