பச்சை அட்டையின் கனம்

கிட்டார் கம்பியைத் தட்டும் பிக் வில்லையை, கைக்குட்டை இருக்கும் பையில் வைக்கக் கூடாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், தமன்ராசெத் காவல் நிலையத்தில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதும் அவசியம் எனக்கு வந்திருக்காது, ஐயா.

எழுத்தில் கேட்டீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

கம்பியை எதனால் தட்டுவது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவருக்கு ஒட்டக எலும்பு, ஒருவருக்கு உடைந்த சீப்பு. இன்னொருவர் கட்டைவிரல் நகத்தையே வளர்த்து எண்ணெய் தடவுகிறார். கடையில் விற்கும் பிக் இந்தப் பாலைவன வெயிலுக்கு வளைந்துவிடும். நான் நாற்பத்து மூன்று பொருள்களை வெட்டிப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறேன். ஆட்டுக்கொம்பு, ஓசை மந்தம். தயிர் டப்பா மூடி, கொசு பாடுவது போல இருந்தது.

எங்கள் கல்யாணக் குழுவில் பாடுகிறவன் அகாலி. என் மனைவியின் அண்ணன்.

"பொண்ணு பாக்கக்கூட நீ இவ்ளோ யோசிக்கலையே மாப்ளே," என்பான்.

"யோசிச்சிருந்தா உன் தங்கச்சியக் கட்டியிருப்பேனா மச்சான்?" என்பேன்.

அவனுக்குச் சர்க்கரை நோய். தினம் இரண்டு ஊசி. அரசாங்கம் கொடுத்த பச்சை பிளாஸ்டிக் அட்டையை நீட்டினால் மருந்துக்கடையில் இன்சுலின் சும்மா கிடைக்கும். இல்லாவிட்டால் மாதம் ஓர் ஆட்டை விற்க வேண்டும். ஒருநாள் அவன் மருந்து வாங்கும்போது அட்டையை என்னிடம் பிடிக்கக் கொடுத்தான். விரலால் வளைத்துப் பார்த்தேன். வளைந்தது, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. அந்தக் கனத்தைத்தான் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்யாணத்தில் அவன் தொழுகைக்குக் கைகால் கழுவப் போனபோது, கழற்றி வைத்த அங்கியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஓர் அட்டையில் மூன்று பிக் வந்தது. மின்னணுச் சில்லு இருந்த மூலை மட்டும் வீண். அன்று மத்தியானம் பெண்களின் குலவை நிற்கவேயில்லை. அகாலி பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ளே, இன்னைக்குத்தான் உன் கிட்டாரு வாயத் தொறந்து பேசுது. எங்க புடிச்ச இந்தப் பிக்க?"

"வடக்கேருந்து வந்துச்சு மச்சான்."

மறுநாள் எல்லோரும் அட்டையைத் தேடினார்கள். நானும் தேடினேன். புது அட்டைக்கு விண்ணப்பம் எழுதியதும் நான்தான். குழுவில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். குழுவாகச் சேர்ந்து ஓர் ஆட்டை விற்றோம். அது போதாமல் அகாலி ஊசியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான். அந்த ஆட்டில் எனக்கும் பங்கு இருந்தது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டாம் நாள் புது அட்டை அலுவலகத்துக்கு வந்தது. அவனால் நடக்க முடியவில்லை. வாங்கிவர என்னை அனுப்பினார்கள். அதற்குள் மூன்று பிக்கும் முனை தேய்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வேறு. பார்வைக்கு அதே பச்சைதான்.

அவன் மனைவி ஃபதிமத்தா வாசலிலேயே நின்றாள்.

"வந்துச்சாண்ணே?"

"அடுத்த வாரம்னுட்டாங்கம்மா."

"அதுவரைக்கும் தாங்குவாரா? தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடக்குறாரு. குடம் காலியாகுது, தாகம் அடங்கல."

"மச்சான் இரும்பும்மா. தாங்குவான்."

ஒன்பதாம் நாள் இறந்துபோனான்.

துக்கம் கேட்கப் போனேன். கண் கலங்கியது, அது நடிப்பு இல்லை. துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது பிக் பாயில் விழுந்தது. ஃபதிமத்தா எடுத்துத் தரும்போது திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இது அவரு காது."

அட்டையில் வரும் புகைப்படத்துக்காக அகாலி தலைத்துணியை அவிழ்த்திருந்தான். எங்கள் ஆண்கள் வெளியார் முன் அதை அவிழ்ப்பதில்லை. அவன் காது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் துணிந்து படம் இருந்த பகுதியை வெட்டினேன். அச்சு மை கட்டைவிரலுக்கு நல்ல பிடிமானம். வீட்டில் அவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை.

தவறு செய்தேன் ஐயா, மறுக்கவில்லை. அந்தப் புது அட்டையை வெட்டியிருக்கவே கூடாது. பழையதைவிடக் கனம் குறைவு, ஓசையும் சுமார்தான்.