படம் இருக்கிற இடம்

இல்ல தம்பி, அதுக்குள்ள என்டர் அடிச்சிராத. வெப் பேஜுன்னா வாட்ஸாப்பு மாதிரி படத்தத் தொட்டு அனுப்புற காரியம் இல்ல, எழுதணும். மொதல்ல சாஞ்ச பிராக்கெட் ஒண்ணு போடு. ஐ, எம், ஜி. கொஞ்சம் இடம் விடு. எஸ், ஆர், சி. ஈக்வல். இனி டபுள் கோட்டுக்குள்ள படத்துக்க பேரு.

நான் பாக்க மாட்டேன்னேல்லா. நீ சொன்னதும் கசேரயத் திருப்பிப்போட்டு ரோட்டத்தான் பாத்துட்டு இருக்கேன். சனிக்கிழம, புதுக்கடை சந்தையில கூட்டம், மழை வேற. இந்த பிரவுசிங் சென்டர்ல ஒனக்க முதுகுக்குப் பின்ன ஆரும் நிக்கல, போதுமா?

படம் வரலியா? பேரு என்ன வச்சிருக்க, எழுத்தெழுத்தா வாசி. ஏ, ஜே, ஐ, எஸ், எச், ஏ. அஜிஷா.

ஒண்ணும் இல்ல, தண்ணி குடிச்சேன், புரையேறிச்சு. எந்த அஜிஷா? பத்மநாபபுரத்துல, அரமனக் கொட்டாரத்துக்குப் பின்ன வீடுள்ளவளா? சும்மா கேட்டேன். ஒனக்கக் கூடப் படிச்சவளா. ஓ. நாளைக்கு அவளுக்க கோயில்ல கடைசி கல்யாண ஓலை வாசிக்கப்போறாவ, அதுக்கு முன்ன ஊரெல்லாம் இதப் பாக்கணும், கல்யாணம் முடங்கணும். அதானே? மறுப்பு உண்டான்னு கேக்கத்தானே ஓலை வாசிக்காவ, எந்திச்சு நின்னு போதகருகிட்டச் சொல்லலாமே. செரி செரி, நான் ஒண்ணும் சொல்லல. மாப்பிள்ள ஆருன்னாவது தெரியுமா? ஏதோ துபாய்க்காரனா. செரி.

படத்த வேற எங்கயும் காப்பி பண்ணாண்டாம், பென்டிரைவுலயே கிடக்கட்டும். ஈ டிரைவுன்னு தொடங்கி முழுசா எழுது. ம். இப்ப அடி என்டர்.

வந்துட்டா? நெத்தி மட்டும் ஸ்கிரீன் முழுக்க நிக்குதா? அளவு குடுக்காட்டா அப்டித்தான் பெருசா வரும். டபிள்யூ, ஐ, டி, டி, எச். ஈக்வல். நானூறு போடு. பாத்துட்டேன் தம்பி, திரும்பிப் பாத்துட்டேன், இத்தன பெருசா வந்தா நான் என்ன செய்யட்டு? திற்பரப்பு அருவியா அது. நனைஞ்ச சுரிதாரு. ஒனக்க பக்கத்துல ஒட்டி நிக்கா.

அவ தோளுல ஒரு கை கிடக்கே, அது ஆருக்க கை? வளையல் போட்ட கை. ஒனக்க ரெண்டு கையும் இந்தா இருக்கு. அப்போ அங்க வேற பிள்ளையளும் நின்னிருக்கு. காலேஜு டூரா? மத்தவங்கள எல்லாம் வெட்டிக் களைஞ்சிட்டு ரெண்டுபேர மட்டும் கொண்டாந்திருக்க. கோவப்படாத, ஓரம் ஒழுங்கா வெட்டலன்னுதான் சொன்னேன்.

கரண்டு போச்சு. யு.பி.எஸ். கத்துது, கொஞ்ச நேரம்தான் தாங்கும். எந்திரி. எந்திரின்னேன், மீதிய நான் அடிக்கேன். நெட்டுல ஏத்துற பாஸ்வேர்டு எனக்குத்தான் தெரியும். பின்ன இன்னொண்ணும் உண்டு, ஏ, எல், டி. படம் வராம போனா அந்த இடத்துல என்ன எழுத்து தெரியணும்ங்கிறது. எல்லாரும் அத விட்டிருவாவ. நான் எழுதுதேன். ஆச்சு. இஞ்ச கம்ப்யூட்டர்ல படம் தெரியுதுல்லா? இனி ஒனக்க போன்ல அட்ரஸப் போட்டுப் பாரு.

என்ன, கிழிஞ்ச காயிதம் மாதிரி சின்னதா ஒண்ணு மட்டும் வருதா? கூட எழுத்து இருக்கே, வாசி. சத்தமா வாசி மக்கா. ஒரு பெண்ணுக்க கல்யாணத்த முடக்கப் படத்த வெட்டிக்கொண்டு வந்தவன் வினோஜ், புதுக்கடை சிலுவைதாசனுக்க மகன். உள்ள வரும்போ ஐ.டி. கார்டு காட்டினல்லா, அதுல கண்ட பேருதான்.

கத்தாத லேய். வெளிய ஆளு நிக்கி. படம் எங்கயும் போகல. பேஜுக்குள்ள படம் எப்பவும் இருக்காது, படம் எங்க கிடக்குங்கிற அட்ரஸுதான் இருக்கும். நீ எழுதினது ஒனக்க பென்டிரைவுக்க அட்ரஸு. படத்தையும் கூடவே ஏத்தினாத்தான் ஊருக்குத் தெரியும். புதுசா படிக்க வாற எல்லாரும் பண்ணுத தப்புதான் அது. நான் வேணும்னே பண்ண வச்சேன். பென்டிரைவா? எனக்க பேக்குக்குள்ள இருக்கு. ஒனக்க போன்லயும் அந்தப் படம் கிடக்கும், தெரியும். அது எங்கயாவது வந்துதுன்னு காதுல விழட்டு, இந்தப் பேஜுக்க அட்ரஸு மொதல்ல ஒனக்க அப்பாவுக்குப் போகும், பின்ன போலீசுக்கு.

இதுல ஒனக்கு என்னன்னா கேக்குத? பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படத்தப் பாத்ததும் நானும் அவளத் தப்பா நெனச்சேன். அந்த வளையல் கையப் பாக்காட்டா நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். ம், கரண்டு வந்துட்டு. நீ போ, எனக்குக் கடையச் சாத்தணும். எங்க கோயில்லயும் நாளைக்கு ஓலை வாசிப்பு உண்டு. துபாய்லேருந்து மாப்பிள்ள, எனக்க அண்ணன், இப்ப திருவனந்தபுரத்துல எறங்கியிருப்பான். அஜிஷாவ இனி நான் மைனின்னு விளிச்சுப் பழகணும்.