ஐந்து பொத்தான் வைத்த இருட்டு

கறுப்புத் துணி வெட்டுவதற்குப் பகல் வெயில்தான் நல்லது. ரியூப் லைற் வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும். பிறகு ஹபாயாவின் ஒரு கை ஒரு நிறம், மறு கை இன்னொரு நிறம் என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் என் கடையில் வெட்டும் மேசை வாசலோரம் கிடக்கிறது. நடந்ததற்கு அந்த மேசையும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். எல்லாப் பழியையும் ஒருவன் தலையில் போடுவது நியாயமில்லை.

என் பெயர் சம்சுதீன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையல்கடை; வீடு கடைக்குப் பின்னால். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது ஊரோடு சேர்ந்து ஒரு பையுடன் வெளியேறி, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, திரும்பி வந்து இதே இடத்தில் கூரை போட்டேன். வீட்டை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மகள் பர்ஹானா கம்பஸில் பௌதிகவியல், இறுதி வருடம். வானத்திலிருந்து மியூவோன் என்று ஒரு துகள் விழுந்துகொண்டே இருக்கிறதாம். கூரையையும் என் தொப்பியையும் என்னையும் துளைத்துக்கொண்டு, ஒருவரிடமும் கேளாமல் போய்விடுமாம். அதைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி செய்தாள். தெளிந்த பிளாஸ்ரிக் கட்டி ஒன்று. துகள் அதற்குள்ளால் போனால் கண்ணுக்கே தெரியாத ஒரு மினுக்கம் வரும். அந்த மினுக்கத்தைக் காண, சட்டைப் பொத்தானிலும் சின்னதாய் ஒரு சென்ஸர். அப்படி மூன்றை அவளுடைய விரிவுரையாளர் கொலின்ஸ் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்திருந்தார்.

அதைப் போல ஒரு செல்லப்பிள்ளையை நான் கண்டதில்லை.

"வாப்பா, கையாலை தொடாதீங்கோ. கறண்ட் இருக்கேக்கை வெளிச்சம் படவே கூடாது. முக்கியமா உங்கடை ஜோர்ஜெற்றை இதுக்குக் கிட்டக் கொண்டுவராதீங்கோ" என்றாள்.

வெயில்காலத்தில் ஜோர்ஜெற் துணியை உரசினால் சடசடவென்று பொறி தட்டும். அந்தப் பொறி சென்ஸரின் உயிரை எடுத்துவிடுமாம். அவள் அதைத் தூக்கும்போது மணிக்கட்டில் பட்டி ஒன்று கட்டி, அதன் வயரை நிலத்தோடு இணைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு சின்ன இடுக்கியால் தூக்குவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு மெல்ல என்னைத் தொட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

முதலாவதைக் கெடுத்தது நான்தான். ஆனால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அவள் தேநீர் குடிக்கப் போன நேரம், மேசையில் இருந்த சென்ஸர் மேல் ஒரு நூல் ஒட்டியிருந்தது. நூலைக் கண்டால் தையல்காரன் எடுப்பான். கையால் தொடக்கூடாது என்றாளே, அதனால் கையில் கிடந்த துணியால் துடைத்தேன். அது ஜோர்ஜெற். சின்னதாய் ஒரு சத்தம், அவ்வளவுதான். பர்ஹானா வந்து அதைக் கருவியில் பூட்டிப் பார்த்தாள், அசைவில்லை. பட்டியைச் சரியாகக் கட்டாதது தன் பிழை என்று தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளை ஒரு முடிவுக்கு வந்த பிறகு பெற்றவன் குறுக்கே பேசக் கூடாது.

இரண்டாவது, என் தொழிலால் போனது. கருவிக்கு வெளிச்சம் புகாத உறை வேண்டும் என்றாள்.

"ஊசி குத்தாதீங்கோ வாப்பா. பசையாலை ஒட்டினாக் காணும்."

பசையால் ஒட்ட நான் என்ன தபால்கந்தோரா நடத்துகிறேன்? இரட்டைக் கறுப்புத் துணி எடுத்து, உள்ளே லைனிங் வைத்து, நெருக்கமாகத் தையல் போட்டு, முன்னால் ஐந்து பொத்தான் வைத்தேன். கொலரும் வைத்தேன். "பொக்கற் என்னத்துக்கு வாப்பா?" என்றாள். பொக்கற் இல்லாமல் ஒரு உடுப்பு அனுப்பினால் சம்சுதீனுக்குத்தான் வெட்கம். "மாப்பிள்ளைக்குக் கோட் தைச்ச மாதிரிக் கிடக்கு" என்று என் மனைவி ஜலீலா விழுந்து விழுந்து சிரித்தாள். பர்ஹானா சிரிக்கவில்லை. என் மனம் நோகும் என்று அதையே கருவிக்குப் போட்டாள்.

இயக்கியதும், விழும் துகளை எண்ணிக் காட்டும் திரையில் எண்கள் மழையாகக் கொட்டின. கொலின்ஸ் சேர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து பார்த்தார்.

"இவ்வளவு மியூவோன் விழுந்தால் யாழ்ப்பாணத்திலை ஒருத்தரும் மிஞ்சேலாது" என்றார்.

பிறகு உறையைக் கழற்றி வாசல் வெயிலுக்கு நேரே பிடித்தார். ஊசி போன இடமெல்லாம் ஒவ்வொரு நட்சத்திரம். நெருக்கமான தையல் என்று சொன்னேனே, அவ்வளவு நட்சத்திரம். விழுந்தது மியூவோன் இல்லை, வெயில். வயிறு முட்ட வெயில் குடித்த சென்ஸர் அதன் பிறகு கண் திறக்கவில்லை. ஆனால் தையலில் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கொலின்ஸ் சேரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

புறப்படும்போது கொலின்ஸ் சேர் ஒரு செய்தி சொன்னார். "மிஞ்சின ஒண்டு சரிவந்தால், பர்ஹானாவை ஜப்பானிலை மேற்படிப்புக்கு எடுப்பினம். ஐஞ்சு வருஷம்." ஜலீலா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொன்னேன். அவளைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

இந்த முறை பர்ஹானா தானே பசையால் ஒட்டினாள். பொத்தான் இல்லை, பொக்கற் இல்லை. கருவி வேலை செய்தது. ஒரு எண் விழும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று விழும். நான் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். புத்தளத்திலிருந்து வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை முதல் தடவை அள்ளிக் குடித்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் லுஹர் தொழப் போனாள். எனக்கு மேசையைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. அதற்குக் கருவியை நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு மூடியைக் கழற்றத் தேவையில்லை என்பது உண்மைதான். கழற்றினேன். கறண்டை நிறுத்த மறந்துவிட்டேன்; சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து உறுதிசெய்த பிறகு மறந்தேன். பகல் வெயில் நேரே உள்ளே விழுந்தது. இருந்தும் மனம் ஆறவில்லை. ஜோர்ஜெற் துண்டு ஒன்றை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் நன்றாக உரசி, ஒரு தடவை துடைத்துவிட்டு மூடினேன். தூசி இருந்திருக்கக் கூடும்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது எண் விழுவது நின்றிருந்தது. பர்ஹானா அழவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"என்ரை கைதான் சரியில்லை வாப்பா. நுணுக்கமான வேலை எனக்குச் சரிவராது."

"விடு மகள். எல்லாம் நன்மைக்குத்தான்" என்று அவள் தலையைத் தடவினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது. ஜலீலா அப்படி இல்லை என்கிறாள்.

இப்போது மகள் கடையில் என் பக்கத்திலேயே இருந்து பொத்தான் துளை தைக்கிறாள். பட்டி கட்டாமல், மூச்சு அடக்காமல், மயிரிழை பிசகாமல் தைக்கிறாள். இத்தனை வருடத்தில் என் கைக்கு வராத சுத்தம். அந்தக் கையைத்தான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஆறுதலாக இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

நேற்று அவள் இல்லாத நேரம் கொலின்ஸ் சேர் வந்தார். யார் யாரிடமோ கெஞ்சி இன்னொரு சென்ஸர் எடுத்துவிட்டாராம். பளபளக்கும் சின்னப் பை ஒன்றோடு என் கையில் தந்தார்.

"கவனம் நானா. பொறி படாமல் காக்கிற பை இது. திறக்காமல் பிள்ளை வந்த உடனை குடுங்கோ. இனி ஒண்டும் கிடைக்காது."

நீங்கள் நினைப்பதுபோல நான் கல்நெஞ்சன் இல்லை. பெற்ற பிள்ளையின் பொருள் எனக்குத் தெரியாதா? அந்தப் பை கசங்கிப்போய்ப் பார்க்கவே நன்றாயில்லை. அதை எறிந்துவிட்டு, சென்ஸரை மேசை லாச்சிக்குள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், நல்ல புது ஜோர்ஜெற்றில் நாலு சுற்றுச் சுற்றி.