தும்பி உட்கார்ந்து எழுந்த குண்டு

— நான் சுட்ட குண்டு மேல ஒரு செந்தும்பி வந்து உக்காந்துது, கிதாமுரா. உக்காந்து, ரெக்கைய ஒரு தடவை உதறிட்டு, ‘இதுல போனா ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்’னு எழுந்து பறந்து போயிடுச்சு. சத்தியமாச் சொல்றேன்.

— அந்தத் தும்பியோட விலாசம் கொடு நகோஷி. சாட்சிக்குக் கூப்பிடலாம்.

— கிண்டல் பண்ணு, பண்ணு. தும்பி இறங்கினப்புறம் அந்தப் பட்டாணி சைஸ் குண்டு நேரா வந்து உன் மேல பட்டுச்சு.

— படல.

— பட்டுச்சுய்யா!

— இன்சூரன்ஸ் கம்பெனியில நஷ்டக் கணக்குப் பாத்தே தலை நரைச்சவன் நான். புயல்ல கூரை பறந்துடுச்சுன்னு அழுதவன்கிட்ட, பறந்த கூரை எங்கன்னு கேட்டவன். உன்கிட்ட கேக்க மாட்டேனா? ஆதாரம் எங்க?

— தத்சுகோ சான்! காடு உங்களோடது, ஆட்டம் உங்களோடது. இந்த ஆளுக்கு நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க.

— கத்தாதீங்க நகோஷி சான். பன்றிக்கறி சூப் பொங்கிக்கிட்டு இருக்கு. அடுப்பையும் உங்களையும் ஒரே நேரத்துல அடக்க எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. கூடாரத்தை எல்லாம் மடக்கிட்டு மத்தவங்க கிளம்பியாச்சு, நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்டையை மடக்கல.

— எப்படி மடக்கறது? காலையில நீங்கதானே அந்த நிபந்தனையைச் சொன்னீங்க?

— சொன்னேன். சொன்னதுல மாத்தமும் இல்ல. உங்க விளையாட்டுத் துப்பாக்கிய, குண்டோட வேகம் பாக்கற கருவிக்கு முன்னால வச்சுச் சுட்டீங்க. கருவி ஒண்ணுமே காட்டல. இன்னொரு தடவை சுட்டீங்க. அப்பவும் காட்டல.

— ‘யாராவது சுடப் போறீங்களா, நான் தூங்கட்டுமா’ன்னு கேட்டுச்சு.

— கடைசியில வினாடிக்கு இருபத்தொன்பது மீட்டர்னு காட்டுச்சு. தொண்ணூத்தெட்டு வரைக்கும் போகலாம்னு சட்டம் சொல்லுது. போலீஸ்காரன் உங்களைக் கும்பிட்டுட்டுப் போவான். ஆனா எனக்கு அது போதாதே. நம்ம ஆட்டத்துல நடுவர் கிடையாது. குண்டு பட்டவன் தானாவே ‘ஹிட்’னு கத்திக் கையைத் தூக்கிட்டு வெளிய வரணும். அந்த நாணயத்துலதான் இந்தக் காடே ஓடுது. பட்டதே தெரியாத துப்பாக்கிய உள்ள விட்டா என்ன ஆகும்? பட்டவனுக்குத் தெரியாது, சுட்டவன் ‘ஜாம்பி, ஜாம்பி’ன்னு கத்துவான், அடிதடியாகும். அதான் சொன்னேன்: இன்னைக்கு ஒரு நாள் ஆடுங்க. ஒரே ஒருத்தர் உங்க குண்டு பட்டுச்சுன்னு ஒத்துக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமையும் கொண்டு வாங்க. இல்லேன்னா அதோ, ஒடைக்க அனுப்பற பெட்டி.

— பெட்டி ரொம்பி வழியுது. இவனோடதைப் போட இடம் இருக்கா?

— சிரிக்கறான் பாருங்க!

— நான் கோடையிலேயே சொன்னேன் தத்சுகோ சான். புதுச் சட்டம் வந்த அன்னைக்கே சொன்னேன். நகோஷி, உன்னோடது பழைய துப்பாக்கி, வேகம் ஜாஸ்தி, பிப்ரவரிக்கு அப்புறம் வீட்ல வச்சிருந்தாலே குத்தம், உள்ள இருக்கற ஸ்பிரிங்கைக் குறைன்னேன். ஒரு சுத்து வெட்டு, அளந்து பாரு. அப்புறம் அரை சுத்து வெட்டு, அளந்து பாரு. கிழங்கு சீவற மாதிரி பொறுமையா செய்யின்னேன்.

— செஞ்சேனே! ஒரு சுத்து வெட்டினேன், வேகம் அசையல. இன்னொரு சுத்து, அப்பவும் அசையல. வெட்ட வெட்ட மிச்ச ஸ்பிரிங் இன்னும் விறைப்பா நிக்கும்னு எனக்கு என்ன கனவா? ஆள் குட்டையாக ஆக ஆகக் கோபம் ஏறுது, எங்க பழைய செக்‌ஷன் மேனேஜர் மாதிரி.

— அதுக்காகப் பாதியை வெட்டிடறதா?

— எனக்கும் கோபம் வந்துடுச்சு. மேனேஜரை நினைச்சுக்கிட்டு ஒரே வெட்டு! அப்புறம் வெட்டின முனை தட்டையா உக்காரணுமேன்னு அடுப்புல பழுக்கக் காய்ச்சி, என் வீட்டுக்காரி சுமியேவோட முட்டைச் சட்டியால ஒரு அழுத்து அழுத்தினேன். எகிறிச்சு பாரு ஸ்பிரிங்! ஜன்னலைத் தாண்டி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் குளியல் தொட்டியில போய் ‘சுர்’ருனு விழுந்துது. வெந்நீர்ல கண்ணை மூடி உக்காந்திருந்த மனுஷன், எரிமலை வெடிச்சுடுச்சுன்னு தலையில துண்டோட தெருவுக்கு ஓடி வந்துட்டாரு.

— உன் பக்கத்து வீடு வசந்தத்துல இருந்து பூட்டிக் கிடக்கு. ஆளே இல்ல.

— அப்ப துண்டோட ஓடினது யாரு? அதையும் விசாரி!

— வேற ஸ்பிரிங் வாங்கிப் போட முடியாதா நகோஷி சான்?

— எங்க வாங்கறது? இதைச் செஞ்ச கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆச்சு. முதலாளி இப்ப எங்கயோ பாலாடைக்கட்டி செய்யறாராம். அதுவும் இல்லாம, சுமியே முடிவாச் சொல்லிட்டா, ‘காட்டுக்குள்ள விடாத துப்பாக்கிக்கு என் வீட்டுக்குள்ளயும் இடம் இல்ல’ன்னு. முட்டைச் சட்டி விஷயத்துல அவ இன்னும் ஆறல.

— புதுசா பாட்டரித் துப்பாக்கி வாங்கிக்கோயேன். எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க.

— வேணாம் கிதாமுரா. இது கம்பியை இழுத்து, ஒண்ணு சுட்டு, மறுபடி இழுக்கறது. என் கை வேகமும் அதோட வேகமும் ஒண்ணாப் போச்சு. வேலையை விட்டு வந்ததுல இருந்து வாரத்துல ஆறு நாள் என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. ‘குப்பையை வெளிய வை’, அவ்வளவுதான் எனக்கு வர்ற உத்தரவு. ஏழாவது நாள் இதைத் தோள்ல போட்டுக்கிட்டு இங்க வந்தாத்தான், ‘நகோஷி, குனி! நகோஷி, வலது பக்கம்!’னு நாலு பேர் கத்தறாங்க. என் பேரை நானே வாரத்துக்கு ஒரு தடவைதான் கேக்கறேன்.

— ம்ம். சூப் ஆயிடுச்சு. இந்தாங்க, சூடா இருக்கு.

— கையில வாங்கிக்கறேன், அப்புறம் குடிக்கறேன் தத்சுகோ சான். நீங்களே நினைச்சுப் பாருங்க. கடைசி ஆட்டம். எங்க மஞ்சள் அணியில நான் ஒருத்தன் மிச்சம், செவப்புல இவன் ஒருத்தன் மிச்சம். நான் மூங்கில் புதருக்குள்ள. இவன் அந்தப் பெரிய தேவதாரு மரத்தை விட்டு வெளிய வந்து, முகத்துணியைத் தாடைக்குக் கீழ இறக்கிவிட்டுக்கிட்டு, இடுப்புல கை வச்சுச் சிரிச்சான்.

— ஏன் சிரிக்கக் கூடாது? ‘சுடு நகோஷி, உன் குண்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வந்துடறேன்’னேன்.

— கிதாமுரா சான், ஆட்டத்துக்குள்ள முகத்துணியை இறக்கக் கூடாதுன்னு பலகையில எழுதி வச்சிருக்கேன்.

— தப்புதான் தத்சுகோ சான். இனிமே செத்தாலும் இறக்க மாட்டேன்.

— அடேயப்பா, இவ்வளவு சீக்கிரம் இவன் எதையும் ஒத்துக்கிட்டதில்லையே! சரி, கேளுங்க. நான் சுட்டேன். குண்டு வெளிய வந்துது. சுத்தும்முத்தும் பாத்துது. தும்பி உக்காந்துது, எழுந்துது. குண்டு நடந்து போச்சு தத்சுகோ சான், கோயிலுக்குப் போற மாதிரி நடந்து போச்சு. என் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன், இவன் முகத்துக்கு நேராப் போய் மறைஞ்சுது. சிரிப்பு பட்டுன்னு நின்னுது. ‘ஹிட்’னு கத்துவான்னு பாத்தா, கண்ணு ரெண்டும் பிதுங்க, கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மரத்துக்குப் பின்னால போயிட்டான். அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு நீங்க விசில் ஊதிட்டீங்க. அன்னைய மொத்த ஆட்டக் கணக்குல செவப்பு ஜெயிச்சுடுச்சுன்னாங்க.

— கழுத்துல கொசு.

— அக்டோபர் குளிர்லயா?

— தாமதமாப் பொறந்த கொசு.

— ஜாம்பி! குண்டு பட்டும் சொல்லாதவனுக்கு அதுதான் பேரு. நீ ஜாம்பி!

— நகோஷி! அந்த வார்த்தையை வாபஸ் வாங்கு. இத்தனை வருஷத்துல தோள்ல தூசி விழுந்தாக்கூட ‘ஹிட்’னு கையைத் தூக்கிட்டு வந்தவன் நான். ஒரு தடவை மேல பைன் காய் விழுந்ததுக்குக் கூட வெளிய வந்தேன்.

— வந்தீங்க, நானும் பாத்தேன். அதனாலதான் உங்க வார்த்தையையே கேக்கறேன் கிதாமுரா சான். ஒரே கேள்வி. பட்டுச்சா, படலையா?

— என் உடம்பு மேல... எங்கயும் படல.

— கேட்டீங்களா நகோஷி சான்? அவர் அப்படிச் சொன்னப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மன்னிச்சுக்கோங்க.

— ஹூம். சரி. வா ராசா. உள்ள போ. மத்த துப்பாக்கிங்களோட சண்டை போடாம இரு. உன்னால யாருக்கும் வலிச்சதே இல்ல, அதுதான் நீ பண்ணின குத்தம்.

— பெட்டியை அப்புறம் மூடிக்கலாம், சூப் ஆறுது. கிதாமுரா சான், நீங்க ஏன் தொடவே இல்ல? எப்பவும் மூணு கிண்ணம் குடிப்பீங்க.

— பசி இல்ல தத்சுகோ சான். ஒரு சந்தேகம்... இந்தக் காட்டுல சுடற குண்டெல்லாம் மண்ணுல மக்கற வகைதானே?

— வேற எதையும் நான் விடறதில்லையே.

— எவ்வளவு நாள்ல மக்கும்?

— அது மழையைப் பொறுத்தது. ஏன்?

— சும்மாதான். உங்க நாய் கொமுகி எந்நேரமும் தரையை நக்கிக்கிட்டுத் திரியுதே, முழுங்கிடாதான்னு கவலை.

— முழுங்காமலா? போன வாரம் ஒரு வாய் அள்ளித் தின்னுடுச்சு. பதறிப்போய் மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன்.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— எதுக்கு எழுந்து நிக்கறீங்க? உக்காருங்க. சின்ன உருண்டை, வழவழப்பு, எங்கயும் குத்தாது, தானே வெளிய போயிடும்னாரு. மறுநாள் காலையில தோட்டத்துல முத்து முத்தாக் கிடந்துது.

— எல்லாமேவா?

— நான் எண்ணல கிதாமுரா சான்.

— இல்ல... நாய்க்குச் சரி. மனுஷனுக்கு?

— எங்க அண்ணன் மகன் சின்ன வயசுல ஒண்ணை முழுங்கினான். நாங்க எல்லாரும் அழுதோம், அவன் ஐஸ்கிரீம் கேட்டான். இப்ப தீயணைப்புப் படையில ஏணி ஏறறான்.

— அப்பாடா... அப்பாடா! ஊத்துங்க தத்சுகோ சான், அந்தப் பெரிய கிண்ணத்துல ஊத்துங்க. முள்ளங்கியும் போடுங்க. மத்தியானத்துல இருந்து உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— இரு, இரு. உன் உசிருக்கு என்ன? நாய் முழுங்கினா உனக்கு என்ன அப்பாடா? கிதாமுரா, இங்க பாரு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நீ ஏன் ‘ஹிட்’னு கத்தல?

— முதல்ல அந்தப் பெட்டியில இருந்து துப்பாக்கிய வெளிய எடு. அடுத்த வாரம் எடுத்துட்டு வா. தும்பியையும் கூட்டிட்டு வா. வாயைப் பொளந்து சிரிச்சுக்கிட்டிருக்கறவன் தொண்டைக்குள்ள நேரா இறக்கிட்டு, ஏன் கத்தலேன்னு கேக்கறியேய்யா, எதை வச்சுக் கத்தறது?