ரெண்டு வார்த்தை நல்லதா

இல்லைங்க, உங்க தம்பி சாப்பிடாததுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நான் இந்த நூலகத்துல புத்தகம் எடுத்துக் கொடுக்கறவ. பசிக்கலன்னா வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

உக்காருங்க. அந்த நாற்காலில வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. அக்கான்னு கூப்பிடணுமா? எதுக்கு, அப்புறம் உறவு ஒட்டிக்கும்.

என்ன நடந்ததுன்னு அவர் முழுசா சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். புத்தகத்தத் திருப்பிக் கொடுக்க வந்தவர், உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, கட்டிக்கறீங்களான்னு கேட்டார். எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னேன். அவ்வளவுதான். எல்லார் முன்னாடியும் கத்தினேனா? நூலகம்ங்க இது. மெதுவாத்தான் சொன்னேன். பின்னால நின்னவருக்கே கேக்கல.

மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சாமா? இருக்கலாம். ஆனா நான் அடிக்கல பாருங்க. மாதிரிக்கெல்லாம் என்னால மன்னிப்பு கேக்க முடியாது.

எடம் கொடுத்தேனா? பேசினேன், ஆமா. நல்லாப் படிக்கிறவர்னு நெனச்சுப் பேசினேன். அப்புறம் பாத்தா, திருப்பித் தர்ற புத்தகத்துல எல்லாம் பென்சில் கோடு. அதுவும் எங்க? எழுதினவர் காதல் கிறுக்க நக்கல் பண்ற எடமாப் பாத்து, ஓரத்துல என் நிலைமைன்னு வேற எழுதி வெச்சிருக்கார். உக்காந்து அழிச்சது நான். அதுக்கு உங்க வீட்லேருந்து யாராவது வந்தீங்களா?

அவரோட மூக்குக்கண்ணாடிக் கடையும் தொறக்கறதில்லையா? சரிதான். ஊர்ல பாதிப் பேர் கண்ணு தெரியாமத் தடவிட்டுப் போனா, அதையும் என் தலைல போடுங்க.

சரி, கிண்டல் வேணாம். அழாதீங்க, தண்ணி குடிங்க. தம்பின்னா பாசம் இருக்கத்தான் செய்யும், அதுல நான் குத்தம் சொல்லல. ஆனா என்ன கேக்கறீங்கன்னு யோசிச்சீங்களா? ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வந்து, ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லணும். சொன்னா ஒரு வாய் சாப்பிடுவார். அடுத்த வேளைக்கு? நான் வரலன்னா மறுபடி தட்டத் தள்ளுவார். நீங்க மறுபடி இங்க வந்து கண்ணக் கசக்குவீங்க.

கல்நெஞ்சமா? இருந்துட்டுப் போகட்டும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, முன்னாடி வேற நூலகத்துல இருந்தேன். அங்க ஒருத்தரோட அம்மா வந்தாங்க. இதே பாட்டுதான். பையன் சாப்பிடல, ரெண்டு வார்த்தை சொல்லும்மா. அப்போ எனக்கு மனசு கேக்கல. போனேன், சொன்னேன். சாப்பிட்டார். இன்னிவரைக்கும் நல்லாத்தான் சாப்பிடறார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

எதுக்கு இப்போ பதறி எழுந்திருக்கறீங்க? மொதல்லயே சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தா, மன்னிச்சுக்கம்மா, தெரியாமப் போச்சுன்னு அப்பவே கெளம்பியிருப்பீங்க. இன்னொருத்தர் பொண்டாட்டின்னா மட்டும் டக்குனு புரியுது. எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னது ஏன் புரியல?

போயிட்டு வாங்க. நானும் வெளக்க அணைச்சுட்டுக் கெளம்பணும். நான் போய் எதிர்ல உக்காந்து சிரிச்ச மூஞ்சியா இருந்தாத்தான் என் வீட்டுக்காரருக்குச் சோறு எறங்கும்.