மைக்கேல்ராஜ் திருத்தம்

ஓய்வுபெற்ற முதல் மாதத்தில் எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டு மிக்ஸியை ஒன்பது முறை கழற்றி மாட்டினேன். அது ஒருமுறைகூடப் பழுதாகியிருக்கவில்லை. இதையும் உங்கள் குழு குறித்துக்கொள்ளலாம்.

முப்பத்தாறு வருடம் நம் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரே வேலை. துகள் முடுக்கியில் பாயும் கற்றை நடுவில் ஓடுகிறதா, ஓரம் போகிறதா என்று அளந்து சொல்லும் எலக்ட்ரானிக் போர்டுகள். முடுக்கிக்குப் பக்கத்திலேயே, கதிர்வீச்சில் நனைந்தபடி, பத்து வருடம் சாகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் போர்டுகளைக் கண்டால் எமனே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான்.

என் இடத்துக்கு வந்த நிருபமா முதல் மாதம் தினமும் போனில் சந்தேகம் கேட்டாள். அடுத்த மாதம் வாரம் ஒருமுறை. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாட்ஸ்அப் படம், அதுவும் எல்லோருக்கும் அனுப்பியது.

தன் முதல் போர்டு தயாரானபோது, ஒரு வெள்ளிக்கிழமை, மரியாதைக்கு அழைத்தாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒரு வாட்டி பாருங்க சார், அஷ்டே, அவ்வளவுதான். ஒண்ணும் மாத்த வேணாம்."

பார்த்தேன். குற்றம் சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சோதனை. கோபால்ட் அறையில் வைத்து, பத்து வருடக் கதிர்வீச்சை மூன்றே நாளில் ஊட்டிப் பார்ப்போம். சனிக்கிழமை காலையிலேயே நான் போர்டை டிபன் டப்பாவில் வைத்து அங்கே கொண்டுபோனேன். அறையைப் பார்த்துக்கொள்ளும் எத்திராஜ் என் காலத்து ஆள்.

"பழைய போர்டுப்பா. திங்கக்கிழமை வரைக்கும் உள்ள இருக்கட்டும்."

"உங்களுக்கு இல்லாததா சார்? இஸ்கூல் பையனாட்டம் டப்பாவுல கொண்டாந்திருக்கீங்க!"

கதிர் பட்ட போர்டு பளபளவென்றுதான் திரும்பி வரும். எவ்வளவு குடித்தது என்று காட்ட, நிறம் மாறும் ஸ்டிக்கர் ஒன்று அதன்மேல் இருக்கும். திங்கள் காலை அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டி, போர்டை நிருபமாவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டிக்கர் நிறம் மாறாதிருந்தால் போர்டு புதுசு. எங்கள் இடத்தில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

செவ்வாய் மாலை, நாலாம் வருடக் கணக்கில், போர்டு செத்தது.

நிருபமாவிடமிருந்து திட்டத்தைப் பிடுங்கி, திருகாணி எண்ண ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.

"என் கணக்கு எங்க தப்புன்னே தெரியல சார்," என்று அழுதாள்.

"அனுபவத்துல வரும்மா," என்றேன். தேற்ற வேண்டியது பெரியவன் கடமை.

என்னை ஆலோசகராக அழைத்தார்கள். அவள் வரைந்த அதே சர்க்யூட். ஒரு பச்சை ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள நீல ரெசிஸ்டரை வைத்தேன். புதிய போர்டு மூன்று நாளும் தாங்கியது. 'மைக்கேல்ராஜ் திருத்தம்' என்று பெயரிட்டு மாலை போட்டார்கள். பெங்களூரே எழுந்து நின்று கைதட்டியதாக ஞாபகம்.

அந்தத் திருத்தம் எப்படி வேலை செய்கிறது என்று இப்போது எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது வேலை செய்வதில்லை. முதல் போர்டைக் கொன்றேன். இரண்டாவதைக் கொல்லாமல் விட்டேன். திருத்தம் அவ்வளவுதான்.

நிருபமாவைத் தாராளமாகத் திரும்ப அழையுங்கள். ஆனால் சின்னப் பெண். சந்தேகம் வந்தால் கேட்க அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. எனக்குப் புதனும் வெள்ளியும் சௌகரியப்படும்.